டி டிரைவில் இருக்கும் காப்பி

"பேக்கப் எடுக்கிறீர்களா?" என்று கேட்டால், இல்லை என்று சொல்லும் அலுவலகம் இன்று அநேகமாகக் கிடையாது. போன மாதம் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில், பல வருடமாகக் கணக்கு எழுதும் அக்கா ஒருவர் இந்தக் கேள்விக்கே லேசாக முகம் சுளித்தார். "தினமும் சாயங்காலம் டேலியை க்ளோஸ் பண்ணி, டேட்டா ஃபோல்டரைத் தேதி போட்டு டி டிரைவ்ல காப்பி பண்ணிட்டுத்தான் சார் பஸ்ஸுக்கே கிளம்புவேன்" என்றார். திறந்தும் காட்டினார். ஏப்ரலிலிருந்து ஒரு வேலை நாள்கூட விடாமல் ஃபோல்டர்கள் வரிசையாக இருந்தன. ஆனால் விண்டோஸில் சி, டி என்று இரண்டாகத் தெரிந்தாலும் அந்த கம்ப்யூட்டருக்குள் இருப்பது ஒரே ஹார்டு டிஸ்க். அது படுத்துவிட்டால் இரண்டும் சேர்ந்தே போகும். இவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிறவருக்கு இதை யாருமே சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

பேக்கப் என்றால் தூரம் என்பது என் கட்சி. காப்பி எத்தனை இருக்கிறது என்பதைவிட, அசலிலிருந்து அது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

இடத்தால் தள்ளி இருப்பது எல்லோருக்கும் புரியும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம்; தரைத்தளத்தில் தண்ணீர் ஏறினால் மேஜைக்குக் கீழே இருக்கும் சிபியூவும் மேஜை இழுப்பறையில் இருக்கும் பேக்கப் டிஸ்க்கும் ஒன்றாகத்தான் நனையும். பெரிய அரசாங்கங்களே இதில் கோட்டை விடுகின்றன. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில், அரசின் தகவல் மையத்தில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் வேலைக் கோப்புகளைச் சேமித்து வந்த ஜி-டிரைவ் எரிந்துபோனது. மொத்தம் 858 டெராபைட். அளவு பெரிது என்ற காரணத்தால் அதற்கு வெளியில் காப்பியே எடுக்கப்படவில்லை. ஆளுக்கு 30 ஜிபி இடம் கொடுத்து, ஃபைல்களை மேஜை கம்ப்யூட்டரில் வைக்காமல் இங்கேயே வையுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். சொன்னபடி செய்தவர்களுக்குத்தான் நஷ்டம் அதிகம்.

இன்னொரு தூரம் இருக்கிறது: அனுமதியின் தூரம். காப்பி வெளியூரில் இருந்தாலும், இங்கிருக்கும் அதே பாஸ்வேர்டால் அதை அழிக்க முடியும் என்றால் அது பக்கத்து அறையில் இருப்பதற்குச் சமம். கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனம் புரோகிராமர்களின் மூல நிரல்களைப் பாதுகாத்து வைக்கும் தொழில் செய்தது. அதன் சர்வர்களும் பேக்கப்களும் அமேசான் கிளவுடில் ஒரே கணக்கின் கீழ் இருந்தன. 2014 ஜூனில் அந்தக் கணக்குக்குள் புகுந்த ஒருவன் பணம் கேட்டு மிரட்டினான். அவர்கள் கணக்கை மீட்க முயன்றதும் சர்வர்களோடு பேக்கப்களில் பெரும்பகுதியையும் அழித்துவிட்டான். எல்லாம் 12 மணி நேரத்துக்குள். கம்பெனியை மூட வேண்டியதாயிற்று.

நம் அலுவலகங்களில் வெளி ஹார்டு டிஸ்க் எப்போதும் செருகியபடியே இருக்கிறதே, அதுவும் இதே கதைதான். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர், கண்ணில் படும் எல்லா டிரைவையும் பூட்டும். செருகிய டிஸ்க், நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டர் எதையும் அது விடாது.

மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கதையை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற கிருமி அவர்கள் நெட்வொர்க் முழுவதும் பரவியது. யார் எந்த கம்ப்யூட்டருக்குள் நுழையலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் டொமைன் கன்ட்ரோலர் சர்வர்கள் உலகம் முழுவதும் சுமார் 150 இருந்தன. ஒவ்வொன்றும் மற்றதைப் பார்த்துத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது என்ற தைரியத்தில் அவற்றுக்குத் தனி பேக்கப் இல்லை. எல்லாம் ஒரே சமயத்தில் அழிந்தன, கானாவில் இருந்த ஒன்றைத் தவிர. தாக்குதலுக்குச் சற்று முன் அங்கே கரண்ட் போயிருந்தது. சர்வர் நெட்வொர்க்கில் இல்லை. அதிலிருந்த டேட்டாவை இங்கிலாந்துக்கு அனுப்ப இன்டர்நெட் வேகம் போதவில்லை. கானா ஊழியர்களிடம் பிரிட்டிஷ் விசா இல்லை. ஒருவர் டிஸ்க்குடன் நைஜீரியாவுக்குப் பறந்து விமான நிலையத்தில் இன்னொருவரிடம் கொடுக்க, அவர் லண்டன் கொண்டுபோய்ச் சேர்த்தார். கூகுள் டிரைவில் சிங்க் ஆகிறது, அதனால் பேக்கப் இருக்கிறது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சிங்க் என்பது நல்லதைக் கொண்டுபோகும் அதே வேகத்தில் கெட்டதையும் கொண்டுபோகும். பழைய பதிப்புகளைச் சில நாள் அது வைத்திருக்கலாம். அவையும் அதே பாஸ்வேர்டின் கைக்குள்தான் இருக்கின்றன.

ஆகவே, வெளியூரில் ஒரு சர்வர் வேண்டும். அலுவலக கம்ப்யூட்டருக்கு அதில் புதிதாகச் சேர்க்க மட்டுமே உரிமை இருக்க வேண்டும். அழிக்கவோ திருத்தவோ கூடாது. பழையதைக் கழிக்கும் உரிமை, வேறொரு கம்ப்யூட்டரில், வேறொரு பாஸ்வேர்டோடு, ஓடிபியும் கேட்டு, முதலாளியிடம் மட்டும் இருக்கட்டும். ரெஸ்டிக், போர்க் போன்ற இலவச மென்பொருள்களிலேயே இதற்கு வழி இருக்கிறது. அவை டேட்டாவை நம் கம்ப்யூட்டரிலேயே குறியாக்கம் செய்து அனுப்புவதால், சர்வர் வைத்திருப்பவருக்கு நம் வாடிக்கையாளர்களின் பான் எண்ணும் வங்கிக் கணக்கும் தெரியாது. அந்தக் குறியாக்கத்தின் பாஸ்வேர்ட் தொலைந்தால் நமக்கும் தெரியாது. காகிதத்தில் எழுதி, ஒன்றை வீட்டிலும் ஒன்றை வங்கி லாக்கரிலும் வையுங்கள். பேக்கப் எடுக்கும் அதே கம்ப்யூட்டரில் மட்டும் அதை வைத்திருப்பது, பீரோவுக்குள் சாவியை வைத்துப் பூட்டுவது போல.

இன்டர்நெட் தாங்குமா என்று கேட்பார்கள். 200 ஜிபியை 20 எம்பிபிஎஸ் வேகத்தில் ஏற்றினால் ஏறக்குறைய 22 மணி நேரம். அது முதல் தடவைக்கு மட்டும். அதையும் டிஸ்க்கில் கையோடு கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். பிறகு மாறிய பகுதி மட்டும் போனால் போதும். 1996-இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்லும் பால் மக்கெராஸும் ஆர்சிங்க் என்ற மென்பொருளை எழுதியதே, ஃபைலைத் துண்டு துண்டாக ஒப்பிட்டு மாறியதை மட்டும் அனுப்பத்தான். ஒரு நாளின் வவுச்சர்களுக்கு சில நிமிடம் போதும்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. மென்பொருள்காரர் ராத்திரி 2 மணிக்கு பேக்கப் ஓடும்படி வைத்துவிட்டுப் போவார். கடைசியாகக் கிளம்புகிறவர் மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்குவார். அது நல்ல பழக்கம். அதை மாற்றச் சொல்லாதீர்கள். பேக்கப்பை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றுங்கள். டேலியை மூடிவிட்டு டிபன் பாக்ஸைத் திறக்கச் சொல்லுங்கள்.

கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு இது சட்டமும்கூட. மின்னணு வடிவில் கணக்கு வைத்திருந்தால் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் பேக்கப் இருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது.

இவ்வளவும் செய்தாலும் திருப்பி எடுத்துப் பார்க்காத காப்பியை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஓர் ஊழியர் தவறுதலாக உண்மையான டேட்டாபேஸையே அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால் சேமிப்பிடம் காலி. மென்பொருள் பதிப்பு பொருந்தாமல் காப்பி எடுப்பது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களையும் அவர்களுடைய மெயில் சர்வர் ஏற்காமல் தள்ளிவிட்டிருக்கிறது. சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு யாரோ எடுத்த ஒரு காப்பிதான் கைகொடுத்தது.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பேக்கப்பே பார்த்திராத ஒரு லேப்டாப்பில், லாக்கர் காகிதத்தில் இருக்கும் பாஸ்வேர்டை வைத்து, ஏதாவது ஒரு வாடிக்கையாளரின் போன மார்ச் மாதக் கணக்கை இறக்கச் சொல்லுங்கள். இறங்கினால் போதாது, டேலியில் திறக்க வேண்டும், மார்ச் 31-இன் குளோசிங் பேலன்ஸ் கையெழுத்தான பேலன்ஸ் ஷீட்டோடு ஒத்துப்போக வேண்டும். அதை அந்த அக்காவே செய்யட்டும். அந்த எண்ணைப் பார்த்ததும் சரியா தவறா என்று சொல்லக்கூடியவர் அவர்தான்.