நாடு லோயர் வைக்கலாம், நமது ஊரான் வைக்கக் கூடாதா?



2022 ஏப்ரல் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நமது நாடு கைவிரித்தது. அடுத்த மாதமே சட்ட ஆலோசனைக்கு கிளிஃபர்ட் சான்ஸ் என்ற சர்வதேச நிறுவனத்தை அமைச்சரவை நியமித்தது. பிறகு கடன் கொடுத்தவர்களோடு உட்கார்ந்து தவணை பேசியது. "கடனும் பட்டுவிட்டு லோயரும் வைக்கிறார்களே, வெட்கமில்லையா?" என்று யாராவது கேட்டோமா?

நமது மஹல்லாவில் ஒரு சகோதரரின் கடை நட்டப்பட்டால் மட்டும் ஏன் வேறு கதை? நிதிக் கம்பனியின் கடிதம் அலுமாரிக்குள் போகிறது. வீட்டுக்காரிக்கும் தெரியாது. போன் ஓஃப். ஜும்ஆவுக்கும் வேறு பள்ளி. கடைசியில் பிஸ்கால் வாசலில் வந்து நிற்கும்போதுதான் இருக்கும் நகையை அடகு வைத்து லோயரைத் தேடுகிறார்.

அதற்குள் பாதி வழக்கு முடிந்துவிடும். 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் கீழ் வங்கியோ நிதிக் கம்பனியோ வழக்குப் போட்டால், முதலில் வருவதே ஒரு நிபந்தனைக் கட்டளை. குறித்த திகதிக்குள் நீதிமன்றம் போய், எதிர்வாதம் செய்ய அனுமதி கேட்க வேண்டும். போகாவிட்டால் அதுவே இறுதித் தீர்ப்பு. அலுமாரியில் கிடக்கும் கடிதத்துக்காக நீதிமன்றம் காத்திருக்காது.

கடனைத் தீர்க்க வகையில்லாதவருக்கு மாவட்ட நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்கும் சட்டம் வெள்ளைக்காரன் காலத்தில், 1853 இலேயே வந்தது. நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? அது எல்லோருக்கும் பொருந்தாது. யாருக்குப் பொருந்தும் என்பதை லோயர்தான் சொல்ல வேண்டும், நீதிமன்ற வாசலில் நிற்கும் புரோக்கர் அல்ல.

அந்தப் புரோக்கர் பிடித்துத் தரும் ஆளிடம் போகாதீர்கள். கடன் வழக்குகளில் வழமையாகத் தோன்றுபவர் யார் என்று நாலு பேரிடம் விசாரியுங்கள். போனதும் பீஸைப் பேசுங்கள். முழு வழக்குக்கா, தவணைக்குத் தவணையா? வழக்கு ஒத்திப்போனாலும் காசா? எழுத்தில் கேளுங்கள், பற்றுச்சீட்டு வாங்குங்கள், வெற்றுத் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். பீஸைக் கேட்டால் முகம் சுளிக்கும் சட்டத்தரணிமாரும் நம்மவரில் இருக்கிறார்கள். மீன் வாங்கவே விலை கேட்கிற நாம், வீடு போகும் வழக்கில் ஏன் வாய்மூடி நிற்க வேண்டும்?

வசதியில்லாதவருக்கு 1978 ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானத்தைப் பார்த்து இலவசமாக உதவுவார்கள். கடிதம் கையில் கிடைத்த கிழமையே போக வேண்டும்.

"கடனை ஏமாற்ற வழி காட்டுகிறீர்களா?" என்று சிலர் வருவார்கள். இல்லை. கடன் அமானிதம், மௌத்துக்குப் பிறகும் கழுத்தில் தொங்குவது. ஒளிந்து திரிகிறவரால் அதை அடைக்க முடியுமா? சட்டப்படி தவணை பேசி, தொழிலையும் காப்பாற்றிக் கொண்டவர்தான் அடைப்பார்.

இப்போது நமது நிர்வாகங்களுக்கு ஒரு கேள்வி. ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாரில் கடனாளியும் ஒருவர் என்று சூரா தவ்பாவின் 60 ஆவது வசனம் சொல்கிறது. ஒவ்வொரு ரமழானிலும் பயானில் கேட்கிறோம். பள்ளிக்கு ஏசி பூட்ட ஒரே ஜும்ஆவில் காசு சேர்கிறது. கடனில் மூழ்கியவர் சட்டத்தரணியிடம் போக ஒரு சதம் ஒதுக்கியிருக்கிறோமா? ஸகாத்திலிருந்து கொடுக்கலாமா, ஸதகாவிலிருந்தா என்று உலமாக்களிடம் கேட்டு முடிவெடுங்கள். ஊரிலுள்ள சட்டத்தரணிமாரே, மாதத்தில் ஒரு நாள் அஸருக்குப் பிறகு பள்ளியில் உட்கார்ந்து இந்தக் கடிதங்களை வாசித்துச் சொல்லுங்கள். பெயர் வெளியே வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நிர்வாகம் எடுக்கட்டும்.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை எழுப்புங்கள். முடியாது என்றால், ஏன் முடியாது என்று ஊருக்கு முன்னால் சொல்லட்டும்.