பாய்லர் கண்ணாடி பொய் சொல்லலாம்!

தோழர்களே, செம்பனை ஆலையில் பாய்லர் பார்க்கிறவருக்கு ஷிப்டு ஏறியதும் முதல் வேலை என்ன? தண்ணீர் மட்டக் கண்ணாடியின் வடிகுழாயைத் திறந்து, தண்ணீர் இறங்கி மறுபடி சட்டென ஏறுகிறதா என்று பார்ப்பது. "நேத்து சரியாத்தானே இருந்துச்சு" என்று விட்டுவிடாதீர்கள். அழுக்கு அடைத்தால் கண்ணாடி பொய் சொல்லும்.

கண்ணாடியில் தண்ணீரே தெரியவில்லையா? அவசரப்பட்டுத் தண்ணீர் விடாதீர்கள்! பழுக்கக் காய்ந்த இரும்பில் தண்ணீர் பட்டால் பாய்லர் வெடிக்கலாம். நெருப்பை நிறுத்துங்கள், பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள்.

பாதுகாப்பு வால்வைக் கட்டிவைத்து ஓட்டச் சொன்னால், முடியாது என்று சொல்லுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்று சொல்லியும் முதலாளி அதை நீக்காவிட்டால், விலகி நிற்கும் உரிமையை 2024 ஜூன் 1 முதல் மலேசியச் சட்டம் நமக்குத் தந்திருக்கிறது.

எண்ணெயை நாளைக்கும் பிழியலாம். போன உயிர் திரும்புமா?