யாரு மவன்?

எண்பதுகளில் பம்பாயில் எங்கள் செம்பூர் வீட்டுக்கு மாத நாவல்கள் மாட்டுங்காவிலிருந்து வரும். மூட்டை பிரிக்கும் நாள் அம்மாவுக்குத் தெரியும். ராஜேஷ்குமாரின் விவேக், சுபாவின் நரேந்திரன், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா என்று மாடி வீட்டு அத்தைகள் ஆளுக்கொரு துப்பறிவாளரைப் பிடித்து வைத்திருந்தார்கள். அட்டை கிழிந்து எங்களிடம் திரும்பி வரும்போது கடைசிப் பக்கம் இருந்தால் அதிர்ஷ்டம். எல்லாவற்றையும் ரசித்துத்தான் படித்தேன். ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. பல கதைகளில் குற்றவாளி பம்பாய்க்கு ஓடிவிடுவான், அல்லது பம்பாயிலிருந்து வந்திருப்பான். கோவையிலோ சென்னையிலோ நடக்கும் கதைக்கு எங்கள் ஊர், ஆள் தொலைந்துபோகும் ஓர் இருட்டுமூலை. நான் பள்ளிக்கூடம் போகும் ஊர் அது. என் அம்மா கோலம் போடும் ஊர்.

அதனால்தான் அம்பையின் 'அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு' தொகுப்பை இந்த மாதம் இரண்டாவது முறையாகப் படித்தபோதும் முதல் முறை வந்த அதே நிறைவு வந்தது. சுதா குப்தா மும்பையில் வாழும் தமிழ்ப் பெண், நடுவயது, துப்பறிவது தொழில். வீடு, குடும்பம், சமையலறை எல்லாவற்றுக்கும் நடுவில்தான் அவளுடைய விசாரணை நடக்கிறது. மூன்று கதைகள். ஒன்றில் சிறுமிகள் காணாமல் போகிறார்கள். இன்னொன்றில் அந்தேரி மேம்பாலத்தில் தனியாக நிற்கிறார் ஒரு முதியவர். முடிவுகளைச் சொல்லமாட்டேன். ஆனால் தினமும் லட்சக்கணக்கானோர் ஏறி இறங்கும் அந்தேரியில், நிற்கிற ஒருவரை நின்று பார்ப்பதிலிருந்து கதை தொடங்குகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். துப்பறிதலில் கடினமான பகுதி அதுதான் என்று நினைக்கிறேன். பூதக்கண்ணாடியெல்லாம் அதற்குப் பிறகு.

இதை எழுதியவர் 1988இல் பெண்களின் குரல்களையும் படங்களையும் சேகரித்துக் காப்பதற்காக இதே நகரத்தில் 'ஸ்பேரோ' ஆவணக் காப்பகத்தை நிறுவியவர். யாரும் எழுதிவைக்காத வாழ்க்கைகளைத் தேடிப் போய்க் கேட்டவர் துப்பறியும் கதைக்கு வந்தது எனக்கு இயல்பாகவே படுகிறது. 2016இல் இது ஆங்கிலத்திலும் வந்தது, கீதா சுப்ரமணியனின் மொழிபெயர்ப்பில். தமிழில் இன்னும் பலர் படித்திருக்க வேண்டிய புத்தகம்.

கையோடு படித்த இன்னொன்று, கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகமாக வாங்கிய சுஜாதா மேசியின் 'தி விடோஸ் ஆஃப் மலபார் ஹில்'. 2018இல் வந்த நாவல், கதை நடப்பது 1921இன் பம்பாயில். பெர்வீன் மிஸ்திரி என்ற பார்சிப் பெண் தன் அப்பாவின் சட்ட அலுவலகத்தில் வேலை செய்கிறாள். பெண் என்பதால் கோர்ட்டில் எழுந்து வாதாட முடியாது. அந்த நேரத்தில் மலபார் ஹில்லில் கோஷாவில் வாழும் மூன்று விதவைகளின் சொத்து விவகாரம் வருகிறது. அந்நிய ஆண் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது. எந்தக் காரணத்தால் கோர்ட் அவளுக்குக் கதவைச் சாத்தியதோ அதே காரணத்தால் அந்த வீட்டின் கதவு அவளுக்குத் திறக்கிறது. இந்த ஒரு முடிச்சுக்காகவே நாவலை யாருக்கும் சிபாரிசு செய்வேன். பெர்வீனுக்குப் பின்னால் நிஜத்தில் நிற்பவர் கொர்னீலியா சொராப்ஜி. ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படித்த முதல் பெண். கோஷாப் பெண்களின் சொத்து வழக்குகளுக்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர். பெர்வீனின் கடந்தகாலத்தைச் சொல்லும் அத்தியாயங்கள் கொஞ்சம் நீளம்தான். ரயிலில் படித்துக்கொண்டு போனேன்; வண்டி குர்லா தாண்டிய பிறகும் பழைய காதலிலேயே நின்றுகொண்டிருந்தது கதை. கொலைக்குத் திரும்ப மாட்டார்களா என்று மனசு அடித்துக்கொண்டது.

பம்பாயைப் பார்க்காமலே அதை வைத்துத் துப்பறியும் கதை எழுதியவரும் உண்டு. எச்.ஆர்.எஃப். கீட்டிங் 1964இல் பம்பாய் இன்ஸ்பெக்டர் கோட்டேயை வைத்து 'தி பெர்ஃபெக்ட் மர்டர்' எழுதியபோது இந்தியாவைப் பார்த்ததே இல்லை. ஏறக்குறைய பத்து ஆண்டுகள் கழித்துத்தான் பம்பாய்க்கே வந்தார். மேலதிகாரிக்கு முன்னால் பதறும் கோட்டேயை எனக்குப் பிடிக்கும். கீட்டிங்கின் பம்பாயில் மட்டும் மழைக்கால ஈரத்துணி வாசனை வருவதில்லை.

இந்தப் புத்தகங்களைப் படிக்கும்போதெல்லாம் அப்பாவின் கதை நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1962இல், பதினாறு வயதில், வீட்டில் சொல்லாமல் ரயிலேறி வந்தவர் அவர். ஆச்சியைப் பொறுத்தவரை பிள்ளை பம்பாய்க்குப் போய்விட்டான், அவ்வளவுதான். அந்த வாக்கியத்துக்குப் பிறகு ஊரில் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். தாதரில் இறங்கி விசாரித்து விசாரித்துத் தாராவி வந்து, மெயின் ரோட்டில் ஒரு டீக்கடை வாசலில் அப்பா நின்றிருக்கிறார். கடைக்காரர் நம்ம பக்கத்து ஆள்.

"சாப்பிட்டியாலே?" என்பது முதல் கேள்வி. சாப்பிட்டு முடித்த பிறகு, "எந்த ஊரு?" அப்பா பக்கத்து ஊர் பேரைப் பொய்யாகச் சொன்னார். அவர் பேச்சைக் கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்த கடைக்காரர், "அந்த ஊர்ல இப்படிப் பேசமாட்டாங்களே. யாரு மவன் நீ?" என்றிருக்கிறார். அன்றைக்கு அப்பா வாய் திறக்கவில்லை. மனிதர் விடவில்லை. ஊருக்குப் போகிறவர்கள், வருகிறவர்கள் எல்லாரிடமும் ஒரு மாதம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஆச்சிக்கு ஒரு தபால் கார்டு போனது. பையன் சுகம், என் கடையில் இருக்கான், அடிக்கமாட்டேன் என்று எழுதினால் அனுப்பிவைக்கிறேன். அப்பா திரும்பிப் போகவில்லை, ஆனால் அதற்குப் பிறகு மாதாமாதம் மணியார்டர் போனது.

அம்பை புத்தகத்தை அப்பாவிடம் கொடுத்தேன். கண் சரியாகத் தெரியாததால் மேம்பாலத்துக் கதையை நான் வாசிக்க வாசிக்கக் கேட்டார். அந்தப் பெரியவர் பாலத்தில் நிற்கிற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவருகிட்ட சாப்பிட்டியளான்னு யாரும் கேட்டாங்களா?"

பக்கத்தைத் திருப்பினேன்.