நாடியை எண்ணிப் பார்த்தீர்களா?

எழுந்து நின்றால் அவளுக்கு நெஞ்சு படபடக்கிறது, கண் இருட்டுகிறது. படுத்தால் தெளிகிறது. உடனே நாம் தீர்ப்பளித்து விடுகிறோம்: "வேலைக்கள்ளி!" டாக்டர்களிலும் சிலர், "வெறும் நரம்புத் தளர்ச்சி" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

அமெரிக்க உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்களிடம் இதைப் போன்ற படபடப்பைக் கண்ட டாக்டர் டா கோஸ்டா, 1871-ல் அதை 'எரிச்சல் கொண்ட இதயம்' என்று எழுதிவைத்தார். சிப்பாய்க்கு வந்தால் நோய். மருமகளுக்கு வந்தால் நடிப்பா?

1993-லேயே மருத்துவம் இதற்குப் 'பாட்ஸ்' என்று பெயரிட்டுவிட்டது. நின்ற 10 நிமிஷத்துக்குள் நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 30-க்குக் குறையாமல் ஏறுகிறது, பதின்வயதினருக்கு 40. இரத்த அழுத்தமோ அவ்வளவாக இறங்குவதில்லை. அழுத்தத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணில் நோய் படாததன் ரகசியம் இதுதான்!

நிறையத் தண்ணீர், டாக்டர் சொல்லும் அளவுக்கு உப்பு, காலை இறுக்கிப் பிடிக்கும் உறை, படுத்தும் உட்கார்ந்தும் தொடங்கும் தேகப்பயிற்சி — இவற்றால் பலர் தேறுகிறார்கள். ஆனால் முதல் மருந்து, அவள் சொல்வதை நம்புவது.

உங்களிடம் கடிகாரம் இருக்கிறதல்லவா? படுத்திருக்கையில் ஒருமுறை, நிற்கையில் ஒருமுறை அவள் நாடியை எண்ணுங்கள். தீர்ப்பை அப்புறம் சொல்லலாம்.