தாழ்வான பகுதி என்றால் எது?

‘தாழ்வான பகுதிகளில் வசிக்கும் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்.’ மழைக்காலம் வந்தால் போதும், டிவியின் அடியில் இந்த வாக்கியம் ஓட ஆரம்பித்துவிடும். எது தாழ்வான பகுதி? எந்த இடம் பாதுகாப்பானது? எத்தனை மணிக்குள் கிளம்ப வேண்டும்? மூன்றுக்கும் பதில் கிடையாது. இதற்குப் பெயர் எச்சரிக்கை இல்லை. நாளைக்கு யாராவது கேட்டால் ‘சொன்னோமே’ என்று எடுத்துக் காட்ட ஒரு ரசீது.

2015 டிசம்பர் 1-ஐ நம் வயசுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து காலையில் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்த உபரி நீர் சாயங்காலத்துக்குள் 29,000 கன அடி ஆகிவிட்டது. 29,000 கன அடி என்றால் உங்களுக்கு என்ன புரிகிறது? எனக்குப் பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் புரிந்தது. 12,000 லிட்டர் தண்ணீர் லாரி நம் தெருவுக்கு வருகிறதே, அதுபோல ஒரு வினாடிக்கு 68 லாரி! 21 மணி நேரம் இப்படித் தொடர்ந்து திறந்து விட்டார்கள் என்று சிஏஜி அறிக்கை சொன்னது. 2018-ல் அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது.

ஜாபர்கான்பேட்டையில் தரைத்தளத்தில் இருந்த என் அக்காவுக்கும் அத்திம்பேருக்கும் அன்று ராத்திரி கரண்ட் இல்லை, டிவி இல்லை, செல்போனில் டவர் இல்லை. அத்திம்பேருக்கு அப்போது 78 வயது. கட்டிலைத் தண்ணீர் தொட்ட பிறகுதான் ஆறு வந்துவிட்டது என்று தெரிந்தது. மாடி வீட்டுப் பையன்கள் தூக்கிக்கொண்டு போனதால் பிழைத்தார்கள்.

ஏரியைத் திறந்ததே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. கரை உடைந்திருந்தால் கதையே வேறு. ஆதனூர் பக்கத்து ஏரிகளிலிருந்தும் அடையாற்றுக்குத் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. என் சண்டை மதகோடு இல்லை. மதகு திறந்ததற்கும் சைதாப்பேட்டையில் வெள்ளம் ஏறியதற்கும் நடுவில் கையில் இருந்த சில மணி நேரத்தை யாருக்கும் உபயோகப்படாமல் வீணாக்கினார்களே, அதோடுதான்.

இமயமலையில் 2021 பிப்ரவரி 7 காலை சமோலியில் பாறையும் பனியுமாகச் சரிந்து ரிஷிகங்காவில் வெள்ளம் வந்தது. 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். மேலே நின்றவர்கள் கண்ணால் பார்த்துக் கத்தினார்கள். தபோவன் சுரங்கத்துக்குள் வேலை செய்தவர்களுக்கு அது எப்படிக் கேட்கும்? அங்கே நிமிஷக் கணக்கு, சரி. நமக்கு மணிக்கணக்கில் அவகாசம் இருந்ததே!

கொஞ்சம் திருந்தியிருக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். 2020 நவம்பரில் நிவர் புயலின்போது ஏரி 22 அடியைத் தொட்டதும், பகல் 12 மணிக்குத் திறக்கப்போகிறோம், முதலில் 1,000 கன அடி என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஆனால் அதற்கப்புறமும் அதே ‘தாழ்வான பகுதி’ பல்லவிதான். கேரளாவில் 2018-ல் செறுதோணியைத் திறக்குமுன் நீர்மட்டம் ஏற ஏற நீலம், ஆரஞ்சு, சிவப்பு என்று படிப்படியாக எச்சரித்தார்கள். படிக்காத பாட்டிக்கும் சிவப்பு என்றால் புரியும்.

வாக்காளர் பட்டியலைத் தெரு வாரியாக, கதவு எண்ணோடு அச்சடிக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, இந்தத் தெருவுக்கு இத்தனை மணிக்கு முழங்கால் அளவு வரும், இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று சொல்லத் தெரியாதா? 2015-ல் தண்ணீர் நின்ற உயரத்தை ஒவ்வொரு மின்கம்பத்திலும் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டு வைக்க எத்தனை கோடி வேண்டும்? கரண்ட் போனாலும் கேட்கிற மாதிரி ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லலாம். தேர்தலுக்கு வருகிறார்களே, அதே ஆட்டோ.

‘நங்கநல்லூருக்கு ஆறு எங்கே வருகிறது சார், நாம் மேட்டில்தானே இருக்கிறோம்’ என்று ஒரு நண்பர் கேட்டார். தில்லை கங்கா நகர் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் நம் மேட்டிலிருந்து இறங்க எத்தனை வழி மிச்சம் என்று அவரே எண்ணிப் பார்க்கட்டும். ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சுவலி வந்தால் ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் வரும்?

ஐப்பசி பிறப்பதற்குள் வார்டு கவுன்சிலரிடம் கொடுக்க மனு ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். மின்கம்பக் கோடு, ஆட்டோ மைக், தெரு வாரியான நேரம், மூன்றே கோரிக்கை. கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் காலை வாக்கிங்கில் என்னைப் பிடிக்கலாம். பேனா நான் கொண்டுவருகிறேன்.