இறங்கி வருவது துரோகமா?



எதிர்த்தரப்போடு பேசி முடிப்பதே கொள்கைத் துரோகம் என்கிறது, அமெரிக்க அரசியல் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை. இதை ஏற்க முடியவில்லை. 1983-இல் ஓய்வூதிய நிதி தீர்ந்துபோகும் நிலையில், பழமைவாதியான அதிபர் ரீகன் வரி உயர்வுக்குச் சம்மதித்தார். தாராளவாதியான சபாநாயகர் டிப் ஓ'நீலின் கட்சி பெரும்பான்மை பெற்றிருந்த அவை, முழு ஓய்வூதிய வயதை 65-லிருந்து படிப்படியாக 67 ஆக்க வழிவிட்டது. 1960-க்குப் பின் பிறந்த எனக்கு இதில் இரண்டு வருடம் நஷ்டம்தான். ஆனால் ஓய்வூதியம் என்ற ஒன்று மிஞ்சியதே!

மாறாக, 2018 டிசம்பரில் எல்லைச் சுவருக்காக இரு தரப்பும் முரண்டு பிடிக்க, அரசு 35 நாள் முடங்கியது. சம்பளமில்லாமல் வேலை பார்த்த விமான நிலையப் பாதுகாப்பு ஊழியர்கள், சீருடையைக்கூட மாற்றாமல் இலவச உணவு வரிசையில் நின்று அரிசிப் பை வாங்கிப் போனதை எங்கள் ஊரில் கண்ணால் கண்டேன். மனசு ஆறவே இல்லை.

ஓய்வூதிய நிதிக்கு மீண்டும் நெருக்கடி வருகிறது. இங்குள்ள தமிழர்கள் தாங்கள் வாக்களித்த கட்சியின் அவை உறுப்பினருக்கே எழுதி, ரீகன் காலத்தில் அமைத்தது போல இரு கட்சியினரும் அடங்கிய குழுவை இப்போதே அமைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

— ஒரு வாசகர், எடிசன், நியூ ஜெர்சி