பிரிட்ஜ் பக்கத்தில் நின்ற பெண்கள்

1980களின் நடுவில் ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த கேத்தி கிளைமன் என்ற மாணவியின் கையில் சில பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் கிடைத்தன. அமெரிக்க ராணுவத்தின் தொடக்ககாலக் கணினியான எனியாக்கின் முன்னால் ஆண்களும் பெண்களும் நிற்கிறார்கள். ஆண்களுக்குப் பெயர் போட்டிருந்தது, பெண்களுக்கு இல்லை. இவர்கள் யார் என்று விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டார். 'மாடல்கள்' என்று பதில் வந்தது. பிரிட்ஜ் விளம்பரத்தில் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு சிரிப்பார்களே, அதுபோல இயந்திரம் எடுப்பாகத் தெரிய நிறுத்திவைத்த பெண்களாம்.

அந்த 'மாடல்கள்' கே மெக்நல்டி, ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான்செஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மன் என்ற கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். 30 டன் எடையும் ஏறக்குறைய 18,000 வால்வுகளும் கொண்ட அந்த இயந்திரத்துக்கு நிரல் அமைத்த ஆறு பேர். 1945இல் அவர்களைப் பொறுக்கி எடுத்தபோது கையேடு கிடையாது, நிரல்மொழி கிடையாது. ராணுவ ரகசியம் என்பதால் தொடக்கத்தில் இயந்திரம் இருந்த அறைக்குள் நுழையக்கூட அனுமதி இல்லை. வரைபடங்களைத்தான் கொடுத்தார்கள். எந்தக் கேபிளை எங்கே செருகுவது, எந்த சுவிட்சை எப்படி வைப்பது என்பதையெல்லாம் அந்தப் படங்களைப் பார்த்தே பிடித்துக்கொண்டார்கள்.

1946 பிப்ரவரியில் எனியாக்கை வெளியுலகுக்குக் காட்டினார்கள். அதற்கான பீரங்கிக் குண்டுக் கணக்கை அமைத்தவர்கள் ஜீனும் பெட்டியும். முந்தைய நாள் வரை ஒரு கோளாறு: குண்டு தரையைத் தொட்ட பிறகும் கணக்கு நிற்கவில்லை, குண்டு பூமிக்குள் போய்க்கொண்டே இருந்தது. பெட்டி வீட்டுக்குப் போய்த் தூங்கினார். காலையில் வந்தார், நேராகப் போய் ஒரே ஒரு சுவிட்சை மாற்றினார். சரியாகிவிட்டது. 30 நொடியில் பறந்து விழும் குண்டின் பாதையை எனியாக் 20 நொடியில் கணக்கிட்டுக் காட்டியது. அன்று இரவு பெரிய விருந்து. சமைத்தவர்களுக்கு இலை போடவில்லை; அந்தப் பெண்களுக்கு அழைப்பே இல்லை.

கம்ப்யூட்டர் என்பது பையன்கள் சமாச்சாரம், பெண்களுக்கு அதில் இயல்பிலேயே நாட்டம் குறைவு என்ற நம்பிக்கை இன்றும் கௌரவமாக உலவுகிறது. 2017இல் கூகுள் பொறியாளர் ஒருவர் அதற்கு உயிரியல் விளக்கமே எழுதி அலுவலகத்துக்குள் சுற்றுக்கு விட்டார். அவருக்கு வேலை போனது, ஆமோதித்தவர்களுக்குக் குறைவில்லை. இந்த நம்பிக்கையை எதிர்ப்பதாக நினைத்துச் செய்யும் ஒரு காரியமும் அதற்கே உரம் போடுகிறது. மார்ச் 8 மகளிர் தினம் வந்தால் ஏடா லவ்லேஸ், கிரேஸ் ஹாப்பர், மார்கரெட் ஹாமில்டன் என்று மூன்று கணினி முன்னோடிகளின் படங்களைப் போட்டு மாலை சாத்துவதைத்தான் சொல்கிறோம். மூவரும் பெரிய ஆட்கள், அதில் மறுப்பில்லை. ஆனால் அவர்களை அபூர்வப் பிறவிகளாகக் காட்டக் காட்ட, மற்ற பெண்களுக்கு இது வராது என்பதுதான் மனத்தில் பதிகிறது. அந்தக் காலத்தில் அது அபூர்வமே இல்லை. கூட்டம் கூட்டமாகப் பெண்கள் செய்த வேலை அது.

'கம்ப்யூட்டர்' என்பதே அப்போது ஆளைக் குறித்த பதவிப் பெயர், நம் ஊர்க் கணக்குப்பிள்ளை மாதிரி. எனியாக் உருவான பிலடெல்பியாவில் அந்தப் பதவியில் இருந்த பெண்கள் மேசைக் கணக்குப் பொறியைத் தட்டி, ஒரே ஒரு குண்டின் பாதையைக் கணக்கிட 30 மணி நேரத்துக்கு மேல் செலவிட்டார்கள். கணிதப் பட்டம் இருந்தாலும் அரசுப் பதிவேட்டில் அவர்களுக்குக் கிடைத்த தரம் தொழில்வல்லுநருக்கு ஒரு படி கீழே. இயந்திரத்தைப் படைப்பது மூளை வேலை, அதில் கணக்கை ஏற்றுவது குமாஸ்தா வேலை என்று நினைத்தார்கள். நிரலமைப்பு பெண்களிடம் போனது அதனால்தான். யாருடைய பெருந்தன்மையாலும் அல்ல.

பிரிட்டன் கதை இன்னும் அப்பட்டமானது. எதிரியின் ரகசியக் குறியீடுகளை உடைத்த பிளெச்லி பார்க்கில் போர்க்கால ஊழியர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் பெண்கள். கொலோசஸ் கணினிகளை இயக்கியது கடற்படைப் பெண்கள் பிரிவு. போருக்குப் பிறகு அரசு அலுவலகங்களின் கணக்குப் பொறிகளும் பெண்கள் வசமே இருந்தன. 1955இல் அரசு ஊழியர்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் படிப்படியாகச் சம ஊதியம் என்று முடிவானபோது, பொறி இயக்கும் பிரிவுகளை மட்டும் விட்டுவிட்டார்கள். அங்கே இருப்பதெல்லாம் பெண்கள், ஒப்பிட்டுப் பார்க்க ஆண் ஊதியமே இல்லையே என்றார்கள்! இந்த வரலாற்றைத் தோண்டியெடுத்த மார் ஹிக்ஸ், 1959இல் நடந்த ஒன்றோடு தம் நூலைத் தொடங்குகிறார். அரசுக் கணினி மையத்தில் நிரல் எழுதியும் சோதித்தும் வந்த ஒரு பெண், கணினியே தெரியாத இரண்டு புதிய ஆண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். பயிற்சி முடிகிறது. அவர்கள் இருவரும் மேலாளர்கள். அவர் அவர்களுக்குக் கீழே உதவியாளர். கறிவேப்பிலை கதைதான்.

இடையில் மாறியது பெண்களின் நாட்டம் அல்ல. கணினி கையில் இருந்தால் அதிகாரம் கையில் இருக்கும் என்று 1960களில் மேலிடத்துக்குப் புரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

வெளியே தள்ளப்பட்டவர்களை வைத்தே ஒருவர் நிறுவனம் நடத்திக் காட்டினார். நாஜிகளிடமிருந்து தப்பிக் குழந்தை அகதியாக இங்கிலாந்து வந்த ஸ்டெபனி ஷர்லி, 1962இல் 6 பவுண்டில் தொடங்கினார். பிள்ளை பெற்று வேலையை விட்ட பெண் நிரலாளர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள். தம் பெயரில் கடிதம் போட்டால் பதில் வரவில்லை என்பதால் 'ஸ்டீவ்' என்று கையெழுத்திட்டார், பதில் வந்தது. முதல் 300 ஊழியரில் 297 பேர் பெண்கள். கன்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரல் அவர்கள் எழுதியது.

அமெரிக்காவில் 1966இல் கேனன், பெரி என்ற இரண்டு உளவியலாளர்கள், நல்ல நிரலாளர் எப்படி இருப்பார் என்று ஆராய்ந்தார்கள். கேட்கப்பட்ட 1,378 பேரில் பெண்கள் 186. மனிதர்களோடு பழகப் பிடிக்காதவர்களே நிரலாளர்கள் என்று முடிவு கட்டினார்கள். இருக்கிற ஆண்களை அளந்து அதையே அளவுகோலாக்கினால் வேறென்ன வரும்? ஆள் எடுப்பவர்கள் அதையும் நம்பினார்கள். பிறகு 1980களில் வீட்டுக் கணினி வந்தது. விளம்பரம் முழுக்கப் பையன்கள், பெட்டியும் பையனின் அறைக்கே போனது. 1984இல் அங்கே கணினி அறிவியல் பட்டம் பெற்றவர்களில் 37 சதவீதம் பெண்கள். பின்னர் அது 20க்கும் கீழே இறங்கியது.

இயற்கையென்றால் எல்லா நாட்டிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். மலேசியாவில் மலாயா பல்கலைக்கழகத்தின் கணினி வகுப்பில் பெண்களே பெரும்பான்மையாக இருந்திருக்கிறார்கள். உள்ளே உட்கார்ந்து செய்யும் வேலை, பெண்ணுக்கு ஏற்றது என்று அங்கே பேச்சு. பொள்ளாச்சியிலும் திருச்செங்கோட்டிலும் பெண்ணைக் கணினிப் பிரிவில் சேர்க்கும் தகப்பன்மார் இதே வாக்கியத்தைச் சொல்வார்கள். அதுவும் ஒரு மூடநம்பிக்கைதான், திசை மட்டும் வேறு.

பிட்ஸ்பர்க்கில் உள்ள கார்னெகி மெலன் பல்கலைக்கழகம் 1990களின் பிற்பாதியில் ஒரு காரியம் செய்தது. கணினி அறிவியலில் சேர வருபவர் ஏற்கெனவே நிரல் எழுதிப் பழகியிருக்க வேண்டும் என்று பார்ப்பதைக் கைவிட்டது. பழகாதவர்களுக்குத் தனி நுழைவு வகுப்பு வைத்தது. சேர்ந்தவர்களில் பெண்கள் 1995இல் 7 சதவீதம், 2000இல் 42 சதவீதம். முன்பே பழகி வந்தவர்கள்தான் கடைசியில் நன்றாகத் தேறுவார்கள் என்ற எண்ணமும் அங்கே பொய்த்துப்போனது.